பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஒரு மகாராஜா

ஒரு ஆளிடம் ஆதார் அட்டை கேட்காமல், போன் நம்பர் கேட்காமல், ஒரு பெட்ஷீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவன் ஊர், பேர், வம்சம், வந்த காரியம், வீட்டுக்குத் தெரியாமல் வந்த காரியம் எல்லாவற்றையும் வாங்கிவிடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். அவர் புத்தூர்ப் பக்கம் இருக்கிறார். போலீஸ் டிபார்ட்மெண்டுக்கு அவரைத் தெரியாமல் இருப்பது நம் எல்லோருடைய நல்ல காலம்.

அவருடைய பேர் எனக்குத் தெரியாது. எங்கள் ஓட்டல் கொடுத்த கேட் பாஸில்கூட 'கட்டியம்' என்றுதான் போட்டிருந்தது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். கூத்துப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கூத்தில் எந்த ராஜாவும் நேராக வந்து நின்றுவிட முடியாது. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ராஜா அதற்குப் பின்னால் நின்று கிரீடத்தை மட்டும் காட்டுவார், காலை மட்டும் காட்டுவார், பாடுவார், ஆடுவார். கட்டியக்காரன் என்கிற கோமாளி கூம்புக் குல்லாவோடு வந்து, நீ யார், எந்த தேசம், என்ன தொழில், எதற்கு வந்தாய் என்று கேட்பான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால்தான் திரை இறங்கும். எவ்வளவு பெரிய சக்கரவர்த்தியானாலும் இந்தச் செக்-இன் முடிக்காமல் உள்ளே வர முடியாது.

நான் அப்போது சந்திரகிரி ரோட்டில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருந்தேன். அதே கேள்விகளைத்தான் நானும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் ஒருநாளும் கைதட்டியதில்லை.

கூத்து எங்கள் ஓட்டலுக்கு வந்ததற்குக் காரணம் முதலாளி. அவர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வரும்போது 'பொறுப்புள்ள சுற்றுலா' என்று சொல்லிக்கொண்டே காரை விட்டு இறங்கினார். முதலில் பிளாஸ்டிக் ஸ்ட்ரா போனது. அப்புறம் ஷாம்பு பாக்கெட் போனது. அப்புறம் லாபியிலிருந்த பிளாஸ்டிக் வாழைமரம் போய் நிஜ வாழைமரம் வந்தது. அது தள்ளிய குலையை ஒரு கெஸ்ட் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் முதலாளி எங்களைக் கூப்பிட்டு, உள்ளூர்க் கலைக்கு நாம் என்ன செய்கிறோம் என்று கேட்டார்.

ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் லானில் ஒருத்தர் கீபோர்டு வாசித்துக்கொண்டு இந்திப் பாட்டுப் பாடுவார். அவர் எங்கள் ஜெனரல் மேனேஜருடைய மச்சான். வேறு தகுதி எதுவும் அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் நகரிக்காரி. பவர்லூம் சத்தத்திலேயே வளர்ந்ததால் எனக்குக் கொஞ்சம் குரல் அதிகம். அன்றைக்கு அந்தக் குரலில் எழுந்து நின்று, எங்கள் பக்கம் கூத்து இருக்கிறது சார், நல்ல செட்டு ஒன்று எனக்குத் தெரியும் சார் என்று சொல்லிவிட்டேன். முதலாளி சந்தோஷப்பட்டார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த மாதம் முழுக்க எனக்கு நைட் ஷிப்ட் எழுதியிருந்தது.

கூத்துச் செட்டு வந்த முதல் நாளே கட்டியம் கேட்டில் மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் வருவதற்கு முன்பே தனியாக வந்துவிட்டார். செக்யூரிட்டி, "யாருய்யா நீ? எந்த ஊரு? இன்னா வேலையா வந்த?" என்று கேட்டிருக்கிறான்.

"ஆங்," என்றிருக்கிறார் கட்டியம்.

அவ்வளவுதான். குல்லா இல்லாத கட்டியத்துக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தை. ஊரில் இருக்கிற ராஜாக்களையெல்லாம் அதே மூன்று கேள்வி கேட்டுக் கதறவைத்த மனுஷன், தன்னிடம் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். கடைசியில் பையிலிருந்து குல்லாவை எடுத்துத் தலையில் வைத்தார். வைத்த மாத்திரத்தில் தமிழிலும் தெலுங்கிலும் அவர் விட்ட விருதாவளியில், ராஜாவின் பட்டங்களை அடுக்குகிற அந்த முழக்கத்தில், செக்யூரிட்டி பயந்துபோய் லாரிக்குத் திறக்கிற பெரிய கேட்டையே திறந்துவிட்டான்.

கேண்டீனிலும் அப்படித்தான். "நைனா, சாம்பாரா ரசமா?" என்றால் "ஆங்" என்பார். இரண்டையும் ஊற்றுவார்கள். பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போவார். உடம்புக்கு எப்படி இருக்கிறது என்றாலும் ஆங், பஸ் வந்துவிட்டது என்றாலும் ஆங். செட்டின் தலைவர், ராஜா வேஷம் கட்டுகிறவர், எல்லோரும் வாத்தியார் என்று கூப்பிடுவார்கள், அவரிடம் கேட்டேன். "அது அப்பிடித்தாம்மா. அவரு ஊட்ல பொண்டாட்டிகூட எதுனா சண்டைன்னா குல்லாவ போட்டுக்கினுதான் பேசுவாராம்," என்றார்.

கூத்து ஆரம்பித்தது. திருப்பதியில் தரிசனம் முடித்துவிட்டு லானில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தூக்கம்தான் முதல் தேவை. ஆனாலும் உட்கார்ந்து பார்த்தார்கள். மேனேஜர் மட்டும் வாட்சைப் பார்த்தார். விசாகப்பட்டினத்துக்காரர், எதையும் நேரத்துக்கு முடிக்கவேண்டும் அவருக்கு. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு வாத்தியாரைக் கூப்பிட்டார்.

"ஏமய்யா, உங்க ராஜா பேரு சொல்றதுக்குள்ள எங்க ஸூப் ஆறிப்போவுது. அந்தத் துணி பிடிச்சி கேள்வி கேக்கறது ஒத்து. வேண்டாம். ராஜா வரட்டும், ஆடட்டும், போகட்டும்."

வாத்தியார் கட்டியத்தைப் பார்த்தார். கட்டியம், "ஆங்," என்றார். ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை லானுக்குப் போகிற வளைவு வாசலில் ஒரே கூட்டம். போய்ப் பார்த்தால், செட்டு ஆட்கள் இரண்டு பேர் ஹவுஸ்கீப்பிங்கில் வாங்கிய டபுள் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் முகவீணைக்காரர். நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி சின்னக் குழல் அது, காதைத் துளைக்கும். பெட்ஷீட்டுக்கு முன்னால் குல்லாவோடு கட்டியம். பின்னால் பெங்களூரிலிருந்து வந்த ஒரு கெஸ்ட், பெர்முடாவில். மேடையில் ராஜாவைக் கேட்கக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? கெஸ்டைக் கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

"தெரைக்குப் பின்னால வெள்ளக்கால் தெரிய நிக்கிற மகாராஜரே, தங்கள் நாமதேயம் இன்னா? தேசம் ஏது?"

"பெங்களூர்," என்று பின்னாலிருந்து பயந்த குரல் வந்தது.

"பெங்களூர் மகாராஜாவா? பரிவாரமெல்லாம் எங்க?"

"டிராபிக்ல," என்றது குரல்.

லான் அதிர்ந்தது. திரை இறங்கியது. பெர்முடா மனிதர் நிஜமாகவே ராஜா மாதிரி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி, தான் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதால் மறுபடி வெளியே போய் வரிசையில் நின்றார்.

அதற்கப்புறம் அதை நிறுத்த முடியவில்லை. தமிழ், தெலுங்கு, சந்தைக் கன்னடம், தானே தயாரித்த ஒரு இந்தி என்று கட்டியம் எந்த பாஷையிலும் கேட்பார். முகம் மறைந்திருந்தால் மனுஷனுக்கு வாய் தன்னால் திறந்துகொள்ளும்போல. புதுசாகக் கல்யாணமான ஒருத்தனிடம் "உமக்கு மந்திரி யார்?" என்று கேட்டார். அவன் அம்மா பேரைச் சொன்னான். பக்கத்தில் நின்ற புதுப்பெண் அன்றைக்கு ராத்திரி சாப்பிட வரவில்லை. சித்தூரில் பேங்கில் வேலை செய்கிற ஒருத்தர், "வந்த காரியம்?" என்றதும், "ஆபீஸ்ல வயித்துவலின்னு சொல்லிட்டு வந்தேன்," என்று முழக்கினார். அவருடைய மேலதிகாரி லானில் மிளகாய் பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன். தானும் வயிற்றுவலி சொல்லிவிட்டுத்தான் வந்ததாகத் தனியாக என்னிடம் சொன்னார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலாளி ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார். பொறுப்புள்ள சுற்றுலாவுக்கென்று ஒரு சான்று இருக்கிறதாம். அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். வாராவாரம் உள்ளூர்க் கூத்து நடக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறாராம். யாரென்று சொல்லாமல் ஒருவர் கெஸ்ட் மாதிரி வந்து தங்கிப் பார்த்துவிட்டுப் போவாராம். சான்று கிடைத்தால் செட்டுக்கு வருஷம் பூராவும் சனிக்கிழமை. கிடைக்காவிட்டால் மேனேஜர் விருப்பப்படி.

மேனேஜருக்கு என்ன விருப்பம் என்று கேட்கவேண்டியதில்லை. மச்சான் கீபோர்டைத் துடைத்து வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

வாத்தியாரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "முகவீணைக்காரனுக்கு ஸ்ரீசிட்டில ஒரு கம்பெனில வேல வந்துகீதும்மா. சனிக்கெழம இருக்கும்னு சொல்லித்தான் நிறுத்தி வெச்சிக்கீறன். இது போச்சின்னா அவன் போய்டுவான். அவன் ஊதாம ஆடவும் முடியாது, பாடவும் முடியாது, செட்டே கலைஞ்சிடும்," என்றார்.

கட்டியம் அப்போது குல்லாவைத் தைத்துக்கொண்டிருந்தார். எதற்கும் அவரையே தலையில் குல்லா வைக்கச் சொல்லிக் கேட்டேன். வைத்துக்கொண்டு சொன்னார்: "கேக்கறதுக்கு நான் கீறேன் பாப்பா. பதில் சொல்ல ராஜா வோணாமா? ராஜா இல்லாத கட்டியக்காரன் பஸ் ஸ்டாண்டுல கத்தறவன்தான்." சொல்லிவிட்டுக் குல்லாவைக் கழற்றித் தையலைத் தொடர்ந்தார். இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான்.

ஓட்டல் முழுக்கச் சந்தேகம் பிடித்தது. யாராவது ஜன்னல் கம்பியில் விரலால் தூசி பார்த்தால் இவர்தானோ என்று ரூம் பாய் ஓடிவந்து சொல்வான். கடைசியில் மேனேஜரே கண்டுபிடித்தார். பாகாலாவிலிருந்து வந்திருந்த ஒருவர் தோட்டத்தையெல்லாம் சுற்றிப் பார்த்து, இந்த ஓட்டலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை அடி ஆழம், நிலத்தடி நீர் எப்படி என்று தோட்டக்காரரைக் கேட்டிருக்கிறார். "இதான்ம்மா, இவருதான். தண்ணி பத்திக் கேக்கறாரு பாரு," என்றார் மேனேஜர். அன்றைக்கே பாகாலாக்காரர் பெரிய சூட் ரூமுக்கு மாற்றப்பட்டார். காலையில் இளநீர், மத்தியானம் தனி மேஜை, சாயந்திரம் மாலை. மறுநாள் கிளம்பவேண்டியவர் இன்னும் இரண்டு நாள் இருப்பதாகச் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. மேனேஜர் மத்தியானமே செட்டைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். "இன்னிக்கி வாசல்ல யாரையும் நிறுத்தி கேள்வி கேக்கக்கூடாது. பெரிய மனுஷங்க வராங்க. கூத்து மட்டும் ஆடுங்க, சாலு, அது போதும்." ஹவுஸ்கீப்பிங்குக்கும் சொல்லிவிட்டார், ஒரு தலையணை உறைகூட இவர்கள் கைக்குப் போகக்கூடாது என்று.

கட்டியம், "ஆங்," என்றார்.

போன தடவை அந்த ஆங்குக்கு என்ன அர்த்தமென்று எனக்குத்தான் தெரியுமே. சாயந்திரம் சீக்கிரமே லானுக்குப் போனேன். வளைவு வாசலில் லாபி பேனர் நின்றுகொண்டிருந்தது. 'பொறுப்புள்ள சுற்றுலாவுக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று மூன்று பாஷையில் முதலாளி அடித்து மாட்டியது. செட்டு ஆட்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருந்தார்கள். முன்னால் குல்லா.

மேனேஜர் பாகாலாக்காரரை மாலையோடு அழைத்துக்கொண்டு வந்தார். பேனரைப் பார்த்ததும் மேனேஜர் முகம் வெளுத்தது. அதற்குள் பாகாலாக்காரர், "இருங்க சார், நான் இதுக்குத்தான் இன்னும் தங்கிக்கினு கீறேன்," என்று தானே பின்னால் போய் நின்றுவிட்டார்.

"மாலையும் கழுத்துமா நிக்கிற மகாராஜரே, தேசம் ஏது?"

"பாகாலா."

"தொழில்?"

"போர்வெல் மோட்டார். சப்மெர்சிபிள். சர்வீஸும் செஞ்சி குடுப்போம்."

"வந்த காரியம்?"

"மோட்டார் விக்கலாம்னு வந்தேன். ஒருத்தரும் வாங்கல. ஆனா நல்லா கவனிச்சிக்கிறாங்க, அதான் போவ மனசு வர்ல."

லானே விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளியும் சிரித்தார். மேனேஜர் மட்டும் அந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து பேனருக்குப் பின்னால் ஒரு அம்மாள். ஜெனரேட்டர் பக்கத்து ரூமில் இருந்தவர். வெந்நீர் வேண்டும் என்பதைத் தவிர எங்களிடம் எதுவும் கேட்டதில்லை, அதனால் நாங்களும் அவரைக் கவனித்ததில்லை. கட்டியம் பேர் கேட்டார், சொன்னார். தேசம் கேட்டார், கோயம்புத்தூர் என்றார். தொழில் கேட்டார். பேனருக்குக் கீழே ரப்பர் செருப்பு போட்ட கால் மட்டும் இடம் மாறி மாறி நின்றது.

"தொழில் இன்னாம்மா? மறைச்சா தெர எறங்காது," என்றார் கட்டியம். முகவீணை ஒரு இழுப்பு இழுத்தது.

"ஓட்டல் ஓட்டலாப் போயித் தங்கி, சொன்னபடி நடக்கறாங்களான்னு பாத்து எழுதறதுங்க," என்றது குரல்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஸூப் கொண்டுவந்த பையன் நட்டநடுவில் நின்றுவிட்டான். கட்டியம் ஒரு கணம் திகைத்தார். ஆனால் குல்லா தலையில் இருந்தது. "அப்போ எங்க ராஜாவுக்கே ராஜா நீங்கதானா? எறக்குங்கடா தெரைய," என்றார். பேனர் இறங்கியது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரிக்கிறாரா, நாக்கைக் கடித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

முதலாளி ஓடிவந்தார். "நான் யாருன்னு தெரிஞ்சுட்டா எழுதக்கூடாதுங்க. எங்க விதி அப்படி. நான் பாத்தது எதுவும் இனிச் செல்லாது. காலையில கிளம்பிர்றேன்," என்றார் அந்த அம்மாள். பிறகு, "இன்னிக்காவது சும்மா உக்காந்து பாக்கறேனுங்க. அந்த ராஜாவையும் திரை போட்டே வரச்சொல்லுங்க," என்றார்.

அன்றைக்கு வாத்தியார் திரைக்குப் பின்னால் ஆடியதுபோல ஒரு ஆட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஸூப் ஆறியது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் முடிந்ததும் மேனேஜர் வாத்தியாரிடம் வந்து, அடுத்த வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சான்றே இல்லை என்றான பிறகு யாரும் தடுத்துப் பேச முடியவில்லை. முகவீணைக்காரர் குழலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கட்டியம் லாபி வாழைமரத்தடியில் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இன்னா நைனா இப்பிடிப் பண்ட்ட? இன்னிக்கி ஒருநா வாய வெச்சிக்கினு சும்மா இருக்கக்கூடாதா? அத்தன பேரு பொழப்பு," என்று கத்தினேன்.

அவர் ஆங்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை அந்த அம்மாள் சாவியைக் கொடுக்க வந்தார். முதலாளியும் மேனேஜரும் பக்கத்தில் நின்றார்கள். "வேற ஆள் அனுப்புவாங்களுங்க," என்றார்.

"எப்போ?" என்றார் முதலாளி.

"அது எனக்கே தெரியாதுங்க. இந்த வருஷத்துல எந்தச் சனிக்கிழமை வேணாலும் இருக்கலாம். யாரு வேணாலும் இருக்கலாம்."

மேனேஜர் ஒரு அடி முன்னால் வந்தார். "எந்தச் சனிக்கிழமை வேணாலுமா?"

"ஆமாங்க. வர்ற அன்னிக்கு வாராவாரம்னு எழுதிக்குடுத்த கூத்து இல்லீன்னா, அதையும் எழுதத்தான் எழுதுவாங்க."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்காமல் போனை எடுத்தேன். முகவீணைக்காரர் ஸ்ரீசிட்டி வேலைக்குப் போக சத்தியவேடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். "எறங்குண்ணா, மொதல்ல எறங்கு. அப்பால சொல்றேன்," என்றேன். பின்னால் கண்டக்டர் தெலுங்கில் திட்டுவது கேட்டது. அதைவிட நல்ல சத்தம் அன்றைக்கு நான் கேட்கவில்லை.

பரீட்சையைக் கட்டியம் கெடுத்ததால்தான் கூத்து பிழைத்தது. பரீட்சை ஒழுங்காக நடந்து தோற்றிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். இப்போது வருகிற கெஸ்ட் எல்லோரும் பரீட்சை அதிகாரிதான். ஜெனரேட்டர் பக்கத்து ரூமுக்குக்கூட இளநீர் போக ஆரம்பித்தது. மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பேர் கேட்கலாம், தேசம் கேட்கலாம், வந்த காரியம்கூடக் கேட்டுத் தொலையலாம். தொழில் மட்டும் கேட்கக்கூடாது. கட்டியம், "ஆங்," என்றார். இந்தத் தடவை சொன்ன சொல் தவறவில்லை. கேண்டீனில் அன்றைக்கு ரசம் மட்டும் கையைக் காட்டி இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார்.

சான்று பிறகு கூரியரில் வந்தது. யார் வந்து பார்த்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதைப் புதுப்பிக்க மறுபடியும் யாரோ சொல்லாமல் வருவார்களாம். அதனால் சனிக்கிழமை நிற்கவில்லை. மேனேஜருடைய மச்சான் கீபோர்டை விற்றுவிட்டு வேறு ஏதோ நல்ல தொழிலுக்குப் போய்விட்டார்.

நான் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டேன். போன மாதம் திருப்பதி வந்தபோது, அந்த ஓட்டலிலேயே கெஸ்டாகத் தங்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கட்டியம் முன்னால் பெட்ஷீட்டுக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்று எனக்கு எத்தனையோ நாள் ஆசை. வேலையில் இருந்தபோது ஸ்டாபுக்கு அது அனுமதியில்லை. ரயில் பாகாலா தாண்டியதிலிருந்து மனசுக்குள் வசனம் தயார் செய்துகொண்டே வந்தேன். தேசம் கேட்டால் நகரி, நாமதேயம் கேட்டால் இன்னது, வந்த காரியம் கேட்டால் உங்களைப் பார்க்கத்தான் நைனா.

வாசலில் முதலில் என் வீட்டுக்காரர் நின்றார். அவரைக் கட்டியம் உரித்து எடுத்துவிட்டார். எனக்குத் தெரியாமல் அவர் வாங்கிக் குடிக்கிற கூல் டிரிங்க்ஸ் வரைக்கும் வெளியே வந்தது. திரை இறங்கி அவர் உள்ளே போனார். திரை ஏறியது. நான் போய்ப் பின்னால் நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

கேள்வி வரவில்லை. முகவீணையும் நின்றுவிட்டது. பெட்ஷீட் ஓரமாக எட்டிப் பார்த்தேன். கட்டியம் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். குல்லா இல்லாமல் ஒரு முழு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இத்த இன்னாத்துக்குடா கேக்கறது, நம்ம ஊட்டுப் பொண்ணு, தெரைய எறக்கு."